வரிசை நின்ற பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தை மூடியபோது எங்கள் காலனியில் யாரும் அழவில்லை. எண்பத்தேழாம் வருடம் ஜூன் மாதம், மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டு, மேசை நாற்காலிகளை மிஷன் அனுப்பிய வண்டியில் ஏற்றிவிட்டு, என் அக்கா ஜெயக்கொடி கதவைப் பூட்டினாள். அவள்தான் அங்கே கடைசி டீச்சர். பார்த்துக்கொண்டு நின்ற சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கலைந்தார்கள். எனக்கும் கிண்டியில் வேலை. நானும் போய்விட்டேன்.

அந்தக் கட்டடம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பது ஒன்றரை வருடம் கழித்து துரை கொண்டுவந்த ஒரு செய்தியில்தான் தெரிந்தது.

துரை கொத்தனார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அன்று மாலை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜனவரியில் சட்டசபைத் தேர்தல். எந்தத் தெருக்காரர்கள் எங்கே போய் ஓட்டுப் போடவேண்டும் என்று முன்கூட்டியே ஒட்டியிருந்தார்கள்.

“நம்ம ஸ்கூல் பேரே இல்ல மச்சான். அந்த எடத்துல முனிரத்தினம் கல்யாண மண்டபம்னு போட்டுக்கீது.”

அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். வெகுநேரம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது புதிதல்ல. அக்காவும் நானும் ஒரு மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, அதைச் சண்டை என்று நினைக்காமல் படுக்கப் போகிறவர்கள். ஆனால் அன்றைய மௌனம் கனமாக இருந்தது. துரைகூட உட்காராமலே நின்றான்.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் வருவது ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவர்கள், பிறகு நிலத்தை மனை மனையாக விற்றுக் கடையும் மண்டபமும் கட்டிக்கொண்டவர்கள். ஊரைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் நாங்கள். அவர்கள் வயலில் வேலை செய்தவர்கள். வயல் போன பிறகு கல் குவாரிக்கும் பல்லாவரத்துத் தோல் ஷாப்புகளுக்கும் ரயில்வேக்கும் போனவர்கள். பாதிப் பேர் மாதா கோயில், பாதிப் பேர் கெங்கையம்மன் கோயில். கடைக்கும் பஸ்ஸுக்கும் கூலிக்கும் நாங்கள் தினமும் வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போவோம். அங்கிருந்து இந்தப் பக்கம் வர அவர்களுக்கு ஓட்டுப் போடும் நாளைத் தவிர வேறொரு காரணமும் இருந்ததில்லை.

அந்த ஒரு நாள் வந்ததற்குக் காரணம் சாலமோன் வாத்தியார். நாசரேத் பக்கத்திலிருந்து மிஷன் அனுப்பி வந்தவர். ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து, ஓட்டுக் கூரை போட்டு இரண்டு அறை கட்டி, அரசாங்க உதவியும் வாங்கினார். ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரவில்லை. அவர்கள் தாம்பரத்துக்குப் போய்ப் படித்தார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அரசாங்கத்துக்குக் காட்ட வேறு பொதுக் கட்டடம் இல்லை. அதனால் ஐம்பத்தேழாம் வருடத் தேர்தலில் எங்கள் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடி ஆனது. அது முதல் எந்தத் தேர்தல் வந்தாலும் ஊர் முழுவதும் எங்கள் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

அந்த நாளை நாங்கள் திருவிழாவைப் போலக் கொண்டாடினோம். விடியுமுன்பே தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் எடுத்த துணி அன்றுதான் மறுபடி வெளியே வரும். ஊர்ப் பெரியவர்கள் கூஜாவில் தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவருவார்கள். எங்கள் பெஞ்சில் உட்காரமாட்டார்கள். ஆனால் வரிசையில் நிற்பார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மூன்றாவது வரிசை சட்டத்தில் கிடையாது. ஒரு தேர்தலில் என் அப்பாவுக்குப் பின்னால் பொன்னுரங்கம் நின்றார். அப்பா வேலை செய்த வயலுக்குச் சொந்தக்காரர், மண்டபக்கார முனிரத்தினத்தின் தகப்பனார். அப்பா திரும்பிப் பார்த்து வழிவிடப் போனபோது, சாலமோன் வாத்தியார் அப்பாவின் தோளைப் பிடித்து அதே இடத்தில் நிறுத்தினாராம். அன்று சாயங்காலம் அப்பா அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது இரண்டு தடவை தானாகச் சிரித்தார். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தை மூடியது எந்த எதிரியும் இல்லை. கேம்ப் ரோட்டில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் வந்தன. அவற்றின் வேன்கள் வாய்க்கால்வரை வந்து ஹாரன் அடித்தன. என் மகளும் டை கட்டிக்கொண்டு அதில்தான் ஏறினாள். கடைசி வருடத்தில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்த பிறகும் அறை நிறையவில்லை. மிஷன் அக்காவைப் பல்லாவரத்தில் தன் இன்னொரு பள்ளிக்கு மாற்றியது.

“நம்ம பசங்க அங்க படிக்கலைங்கிறதை நான் ஒத்துக்கிறேன்,” என்றாள் அக்கா கடைசியில். “ஆனா அது பள்ளிக்கூடம்னு பேர் சொல்ற கடைசி இடம் அந்த பூத் நோட்டீஸ்தான் தம்பி. அதுவும் போச்சுன்னா, அவங்க இந்தப் பக்கம் வரவே வேணாம். அப்புறம் எப்பவுமே வரவேணாம்.”

மறுநாள் அவள் லீவு போட்டாள். நானும் போட்டேன்.

தாலுகா ஆபீஸில் தேர்தல் வேலை பார்த்த அதிகாரி களைத்துப்போன மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். முனிரத்தினத்தின் செல்வாக்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை, அவரும் பேசவில்லை. காரணங்களை மட்டும் சொன்னார். மூடிய பள்ளி. ஓடு உடைந்திருக்கிறது. கதவு சரியில்லை. தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாக்குப்பெட்டியை எப்படி வைப்பது என்று எங்களையே கேட்டார்.

“மூடின பள்ளின்னா திறந்துடலாம் சார்,” என்றாள் அக்கா. “இடிஞ்சாத்தான் கஷ்டம்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பொங்கலுக்கு முன்பு ஒரு நாள் தானே வந்து பார்ப்பதாகவும், கட்டடம் தகுதியாக இருந்தால் பழைய இடத்தையே வைத்துக்கொள்ள எழுதுவதாகவும், இல்லையென்றால் மண்டபம்தான் என்றும் சொன்னார். அதில் தயவும் இல்லை, கடுமையும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு மின்சார ரயில் போய், இன்னொன்று வரும்வரை நாங்கள் நின்றோம். கேட் திறந்ததும் அக்கா, துரை எங்கே வேலை செய்கிறான் என்று மட்டும் கேட்டாள்.

கட்டடத்தைச் செப்பனிட மிஷன் தடை சொல்லவில்லை. எங்கள் செலவில் செய்துகொள்ளச் சொல்லிவிட்டது. மார்கழி முழுக்க எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின. துரை கூரைமேல் ஏறினான். ரயில்வே கேரேஜ் ஷெட்டில் தச்சு வேலை பார்க்கும் சின்னப்பன் கதவைக் கழற்றி, அடிப்பலகை மாற்றி மாட்டினார். இரண்டு தெரு தள்ளி இருந்த மாதா கோயிலிலிருந்து விளக்குக்கு ஒயர் இழுத்தார்கள். எல்லம்மா குவாரியில் கல் சுமந்தவள். பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அறைக்குள் முளைத்திருந்த செடியையெல்லாம் பிடுங்கினாள். என்னைக் கண்டால் சும்மா விடமாட்டாள்.

“இன்னா குப்புராஜு, உன் பொண்ணு டை கட்டிகினு வேன்ல போவுது, நீ வந்து இங்க கூடை தூக்குற? யாருக்கு ஸ்கூல் கட்டிகினு கீற?”

நான் அடுத்த கூடையைத் தூக்கினேன். உண்மையில் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. படிக்கப் பிள்ளைகள் வரப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுகிறோம். எதையோ திரும்பப் பெறுகிறோம் என்று தோன்றியது. எதை என்று யோசித்துப் பார்த்தால், சோற்றுக்கு முன்னால் தானாகச் சிரித்த அப்பாவின் முகம்தான் வந்தது.

பொங்கலுக்காக ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பில் பாதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அந்த வருடம் காலனியில் பல வீடுகளுக்கு முன்சுவர் மட்டும்தான் வெள்ளை.

முனிரத்தினம் ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்தார். இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கோயில் திருவிழாவிலிருந்து சாலை மறியல்வரை எதுவும் அவரைக் கேட்டுத்தான் நடக்கவேண்டும் என்று பழகிப்போனவர். எங்கள் நன்மைக்காகத்தான் சொல்வதுபோலப் பேசினார்.

“எதுக்கு இவ்ளோ கஷ்டம் ஜெயக்கொடி? மண்டபத்துல ஃபேன் கீது, தண்ணி டாங்க் கீது. வயசானவங்க நெழல்ல நிப்பாங்க. உங்களுக்கும்தானே நல்லது?”

“உங்க மண்டபத்துக்கு நாங்க எப்ப வேணா வரலாமாண்ணா?” என்று அக்கா கேட்டாள்.

“கல்யாணம் காட்சின்னா வாங்களேன்.”

எல்லம்மா கூடையை இறக்கினாள். “எங்கூட்டுக் கல்யாணத்துக்கு வுடுவீங்களாண்ணா?”

அந்த மண்டபம் கட்டியதிலிருந்து காலனிக் கல்யாணம் ஒன்றுகூட அங்கே நடந்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அந்தத் தேதி காலியில்லை. முனிரத்தினம் எல்லம்மாவைப் பார்த்தார், பிறகு கூரைமேல் இருந்த துரையைப் பார்த்தார். துரை ஓட்டைத் தட்டுவதை நிறுத்தியிருந்தான். ஸ்கூட்டர் இரண்டாவது உதைக்குத்தான் கிளம்பியது.

போகிக்கு முந்தின நாள் தாலுகா அதிகாரி ஜீப்பில் வந்தார். கூரையைப் பார்த்தார். கதவை இரண்டு தடவை சாத்தித் திறந்தார். விளக்கைப் போடச் சொன்னார். வாசலில் பானையில் இருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்களுக்கு மூச்சு வந்தது. பெரிய அறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்றதைப் பார்த்து நாங்களும் நின்றோம்.

அவர் பார்த்தது சுவரில் இருந்த படங்களை. பள்ளியை மூடுவதற்கு முந்தின வருடம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக அக்கா எனாமல் பெயிண்டில் வரைந்தவை. ஆள் உயரத்துக்குப் பளபளவென்று இருந்தன. சுண்ணாம்பு அடித்தபோது அந்தச் சுவரை மட்டும் ஆசையோடு விட்டுவைத்திருந்தோம். மாடு, மயில், வாழைமரம், கப்பல் எல்லாம் இருந்தன. நடுவில், வாசலுக்கு நேரெதிரே, ஒரு சேவல். பக்கத்தில் இரண்டு புறாக்கள். அதன் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே சூரியன். கடைசியில், விரல் எண்ணப் பழக, விரித்த கை.

அந்த வருடத்துத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கட்சி ஒன்று இரண்டாக உடைந்து, பழைய சின்னம் முடங்கி, ஒரு பாதிக்குச் சேவலும் மறுபாதிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்திருந்தன. சூரியனும் கையும் ஏற்கனவே களத்தில் இருந்தவை. போட்டியிட்ட நாலு பெரிய சின்னங்களும் எங்கள் பள்ளிச் சுவரில் வரிசையாக நின்றன. ஒரு மாதமாக அந்த அறைக்குள் வேலை செய்த எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எங்களுக்கு அவை ஒன்றாம் வகுப்புப் படங்கள்.

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை.

சின்னப்பன் முன்னால் வந்தார். “சார், இது எப்பவோ வரைஞ்சது. அப்ப அது வெறும் சேவல் சார்.”

“இப்ப இல்லையேப்பா,” என்றார் அவர்.

காகிதம் ஒட்டி மறைப்பதை அவர் ஏற்கவில்லை. யாராவது கிழித்துவிட்டால் அன்றைக்கு வாக்குப்பதிவே நின்றுபோகும். நாலையும் வெள்ளையடித்து மறைத்துவிட்டால் கையெழுத்துப் போடுவதாகவும், ஜீப்பில் காத்திருப்பதாகவும் சொல்லி வெளியே போனார்.

சுண்ணாம்பு வாளியும் மட்டையும் துரையின் கையில்தான் இருந்தன. அவன் அசையவில்லை. அந்தப் படங்களை வரைய அக்கா ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஸ்டூல் மேல் நின்றது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் என்று வந்த பேச்சுகளையெல்லாம் தள்ளிவிட்டு அவள் வைத்துக்கொண்டது அந்த அறை ஒன்றைத்தான் என்பதும் தெரியும். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஜீப் டிரைவர் பீடி பற்றவைக்கும் தீக்குச்சி உரசல் கேட்டது.

“துரை, அதை இப்படிக் கொடு,” என்றாள்.

“நான் அடிக்கிறேன் அக்கா.”

“கொடு. சேவல் வேணுமா, வரிசை வேணுமான்னா எனக்கு வரிசைதான் வேணும்.”

முந்தானையைச் செருகிக்கொண்டு அவளே அடித்தாள். முதலில் சேவல், பிறகு புறாக்கள், சூரியன், கை. ஒரே வாளி, ஒரே மட்டை. எனாமல் மேல் சுண்ணாம்பு சரியாக நிற்காது என்று துரைக்குத் தெரியும். வச்சிரப் பசையைக் கூடுதலாகக் கலந்து ஊற்றினான். அவள் முடித்தபோது மாட்டுக்கும் மயிலுக்கும் நடுவே ஒரு பெரிய வெள்ளை மட்டும் இருந்தது. அதிகாரி வந்து பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார்.

சாவடி எங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு வேறொன்றும் வந்தது. அவள் டீச்சர்; டீச்சருக்குத் தேர்தல் வேலை உண்டு. குன்றத்தூர் தாண்டி ஏதோ ஒரு கிராமத்துச் சாவடியில் அவளைப் போட்டிருந்தார்கள். அந்த உத்தரவைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். நீ பாத்துக்கோ என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாக்குப்பதிவு அன்று விடியும்போதே தெருவில் கோலம். வழக்கத்தைவிடப் பெரிய கோலங்கள். ஊர்க்காரர்கள் வருவார்களா என்று கொஞ்சம் சந்தேகம் இருந்தது. வந்தார்கள். முதலில் இளவட்டங்கள் சைக்கிளில், பிறகு குடும்பம் குடும்பமாக. பத்து மணிக்கெல்லாம் ஆண்கள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. முனிரத்தினம் வெள்ளைவெளேரென்று வந்து, யாரையும் முந்தாமல் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் துரை. நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேண்டுமென்றுதான். அவருடைய மனைவி கங்கையம்மாள், பெண்கள் வரிசையில் எல்லம்மாவுக்குப் பின்னால் நின்றார்.

மெதுவாகத்தான் நகர்ந்தது. அறைக்குள் பெண்கள் வரிசை சுவரை ஒட்டிப் போனது. வெயில் ஏற ஏற உள்ளே புழுக்கம் அதிகமானது. நிற்கமுடியாதவர்கள் சுவரில் சாய்ந்தார்கள். நான் வாசலுக்கு அருகில் வந்தபோது உள்ளே ஒரு சத்தம். கட்சி ஏஜெண்டுகள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

வெள்ளைக்குள்ளிருந்து சேவலின் கொண்டை வெளியே வந்திருந்தது.

செக்கச்செவேலென்று இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புறாவின் வால். சூரியனின் இரண்டு கதிர். ஒரு கட்டைவிரல். முதுகுகளும் தோள்களும் பட்டுப்பட்டுச் சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. தன் சின்னம் தெரியவில்லை என்று முதலில் கத்தியவர், அது தெரிய ஆரம்பித்ததும் அடுத்தவர் சின்னம் பெரிதாகத் தெரிகிறது என்று கத்தினார். சாவடித் தலைமை அதிகாரி நகரத்திலிருந்து வந்த ஒரு பேங்க் ஆபீசர். வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஜீப் வரட்டும், மேலதிகாரி சொல்லட்டும், அதுவரை வாக்குப்பதிவு இல்லை என்றார்.

இன்று நின்றுபோய், வேறொரு நாள் மறுவாக்குப்பதிவு என்று ஆனால் அது மண்டபத்தில்தான் நடக்கும். அதற்குப் பிறகு வரும் எல்லாத் தேர்தலும் அங்கேதான். ஊர்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து, மண்டபத்துக்கே மாற்றியிருந்தால் இந்தப் பேஜார் உண்டா என்று கேட்டார். துரை திரும்பவே இல்லை. அவன் கழுத்தில் வியர்வை ஓடுவது தெரிந்தது.

தலைமை அதிகாரி வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் ஒரே பார்வையாகப் பார்த்தார்.

“இந்த மாதிரி இடத்துலல்லாம் பூத் போட்டா இப்படித்தான் ஆகும்,” என்றார். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

வரிசை அசையவில்லை. முனிரத்தினம் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். அந்தச் சில நொடிகள் எனக்கு இன்றும் நினைவில் உள்ளன. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண்டபம் இங்கே பக்கத்தில்தான் சார் என்றால் போதும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். அவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாரோ என்னவோ.

“இந்த மாதிரி எடம்னா?” என்றார். “இன்னா மாதிரி எடம் சார்?”

அதிகாரி விழித்தார்.

“எங்கப்பா இங்கதான் ஓட்டுப் போட்டாரு. எனக்கு ஓட்டு வந்ததுலேர்ந்து நானும் இங்கதான் போட்டுகினு கீறேன். இது எங்க பூத்து. போடாம நான் போவமாட்டேன். இவங்களும் போவமாட்டாங்க.”

குரலை உயர்த்தவில்லை. சொன்னதைத் தானே ஒரு தடவை கேட்டுப்பார்ப்பவர் மாதிரிக் கொஞ்சம் தலையைச் சாய்த்தார். துரை மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் நின்றதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

சின்னம் தெரிகிறதே, தான் என்ன செய்வது என்று அதிகாரி இறங்கி வந்தார். பதில் உள்ளேயிருந்து வந்தது. கங்கையம்மாளின் பட்டுப்புடவையில், முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. சேவலின் கொண்டையை உரித்தது அந்த முதுகுதான். எங்கள் சுவரில் ஊர்ப் பெண் ஒருவர் சாய்ந்து நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பிச் சேவலைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார்.

“இதானே தெரியக்கூடாது? நான் இங்கயே நிக்கிறேன்,” என்று மறுபடியும் அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

எல்லம்மா ஒரே எட்டில் பக்கத்தில் போனாள். “புறா என்னுது.”

சூரியனுக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கைக்கு ஊர்ப் பெண் ஒருத்தி. நாலு பேரும் சுவரோடு சுவராகத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முதலில் சிரித்தது புறாக் கட்சி ஏஜெண்ட். பிறகு எல்லா ஏஜெண்டும். ஆட்சேபணை இல்லை என்று நாலு பேரும் சொன்ன பிறகு தலைமை அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வாக்குச்சீட்டு கிழியும் சத்தம் மறுபடி கேட்டது. துரை ஓட்டுப் போட்டதும் தன் வேலை நடக்கும் இடத்துக்கு ஓடி, சிமெண்ட் சாக்குகளைத் தைத்த படுதா ஒன்றைக் கொண்டுவந்தான். ஜீப் வருவதற்குள் ஆணியடித்து மாட்டிவிட்டான். அதுவரை அந்த நாலு பெண்களும் நகரவில்லை. எல்லம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கங்கையம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் மறுபடி திறக்கவில்லை. அதற்கு யாரும் முயலவும் இல்லை. ஆனால் அதே வருடம் நவம்பரிலும், தொண்ணூற்றொன்றிலும், தொண்ணூற்றாறிலும் வாக்குச்சாவடி அங்கேதான் இருந்தது. இடம் மாற்றுவதைப் பற்றி ஊரில் அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

அக்கா மறுநாள் காலையில்தான் வந்தாள். வாக்குப்பெட்டியை ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். கண் சிவந்து, காலில் கிராமத்துப் புழுதி. பையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல வரும்.

“எங்க பூத்துன்னாரா? உங்க பூத்துன்னாரா?”

“எங்க பூத்துன்னாரு.”

“நீ சரியாக் கேட்டியா?”

“அவருக்குப் பின்னாடிதான் நின்னேன்.”

அவள் பையைக் கீழே இறக்கினாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் அடக்கமுடியாமல் வெளியே வந்துவிட்டது.

“மொதல்லேர்ந்து சொல்லு,” என்றாள். “யாருக்கு முன்னாடி யாரு நின்னாங்க, அதுலேர்ந்து.”

நான் ஆரம்பித்தேன். அதற்குள் அவள் வந்த செய்தி கேட்டு எல்லம்மா வந்துவிட்டாள். நான் சொல்வதை ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

“நீ தள்ளு. உனக்கு இன்னா சொல்லத் தெரியும்?”

முனிரத்தினம் நெற்றியைத் துடைத்ததையும் அதிகாரி விழித்ததையும் அவள் நடித்தே காட்டினாள். துரை வந்தான், சின்னப்பன் வந்தார். தெருவில் குடத்தோடு போனவர்கள் குடத்தை இறக்கினார்கள். எல்லோரும் நேற்று அங்கே இருந்தவர்கள்தான். அவள் மூன்றாவது தடவை முதலிலிருந்து ஆரம்பித்தபோதும் ஒருவரும் நகரவில்லை.